கையெழுத்துக்கு முன்னால் – 9: சும்மா கொடுத்தாலும் செலவு

வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கொடைக்கானல் மாதிரி ஊர்களில் வருஷத்துக்கு ஏழு ராத்திரி தங்கலாம், 25 வருஷத்துக்கு நாலு லட்சம் என்கிறார்கள். திண்டுக்கல்லில் தெரிந்தவர் ஒருவர், தன்னுடைய மெம்பர்ஷிப்பில் மீதியிருக்கும் 15 வருஷத்தை ஒரு லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். புதுசு வாங்கவா, பழசு வாங்கவா?"

கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. நாலு லட்சத்தை வருஷக் கணக்கில் பிரித்தால், மீதி 15 வருஷத்துக்கு 2,40,000 ரூபாய் வரவேண்டும். திண்டுக்கல்காரர் ஒரு லட்சம் வந்தால் போதும் என்கிறார். ஏன் என்று யோசித்தீர்களா?

டைம்ஷேர் எனப்படும் இந்த விடுமுறை மெம்பர்ஷிப் நமக்குப் புதுச் சரக்கு இல்லை. 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம், வருஷத்துக்கு ஒரு வாரம் என 99 ஆண்டுகளுக்கு விற்றது. 1996-ல் மஹிந்திரா குழுமம் வந்து, 25 ஆண்டு மெம்பர்ஷிப்பைப் பிரபலமாக்கியது. 2014-ல் ஸ்டெர்லிங் தாமஸ் குக் இந்தியாவின் கைக்குப் போனது. 99 வருஷம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் முப்பது வருஷத்துக்குள் முதலாளி மாறியதைப் பார்த்துவிட்டார்கள்.

இதில் நீங்கள் வாங்குவது இடமல்ல, தங்கும் உரிமை. அந்த உரிமையோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் கட்டியாக வேண்டும், ஜிஎஸ்டி தனி.

ஒரு கணக்குப் போடுவோம். பராமரிப்புக் கட்டணம் இன்றைக்கு 15,000 ரூபாய், வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 வருஷத்தில் அது மட்டும் சுமார் 8.23 லட்சம். வாங்கிய விலை நாலு லட்சத்தையும் சேர்த்தால் 12.23 லட்சம். 175 ராத்திரிக்கு வகுத்தால், ஒரு ராத்திரி ஏறக்குறைய 7,000 ரூபாய். அந்த நாலு லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

இனி பழசு. விலை ஒரு லட்சம், பெயர் மாற்றக் கட்டணம் 25,000 என்று வைத்துக்கொண்டால், 15 வருஷப் பராமரிப்பு சுமார் 3.49 லட்சம். ஆக மொத்தம் 4.74 லட்சம். 105 ராத்திரிக்கு வகுத்தால் ஏறக்குறைய 4,500. பழசுதான் லாபம் என்று உடனே போனை எடுக்காதீர்கள். திண்டுக்கல்காரர் மெம்பர்ஷிப்பைச் சும்மாவே தூக்கிக் கொடுத்து, பெயர் மாற்றமும் இலவசம் என்றாலும், பராமரிப்பு மட்டும் ராத்திரிக்கு 3,300 ரூபாய்க்கு மேல் வருகிறது. அவர் ஏன் தள்ளிவிடப் பார்க்கிறார் என்பது இப்போது புரியும்.

இன்னொன்று, சீசன். நிறுவனங்கள் வருஷத்தை நிறம் நிறமாகப் பிரித்து விற்கின்றன. கூட்டம் மொய்க்கும் வாரங்களின் நிறத்துக்கு விலை அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மே மாதமும் அரையாண்டு விடுமுறையும்தான் தோது. வயல் வைத்திருப்பவர் என்றால், பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டதும் நாற்றங்காலை விட்டு நகர முடியாது. மலிவாகக் கிடைக்கும் பழைய மெம்பர்ஷிப்பில் பல, ஆள் வராத மாதங்களுக்கானவை. உங்களுக்கு ஒழியும் நாளும் அந்த நிறமும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தினாலும், மே மாத அறைக்குப் பல மாதம் முன்பே முந்திக்கொள்ள வேண்டும்.

நிலம் வாங்கினால் வாடிப்பட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். இதற்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. வில்லங்கம் முழுக்க நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. ஆகவே விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், நிறுவனத்திடமிருந்தே நாலு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பாக்கி இல்லை என்ற கடிதம், மீதமுள்ள வருஷம், பெயர் மாற்றச் சம்மதமும் கட்டணமும், பழைய உறுப்பினருக்கு இருந்த சலுகைகளில் எவை உங்களுக்கு வரும் என்பது. பெயர் மாறிய பிறகுதான் முழுப் பணம். நடுவில் ஒருவர் "நான் வித்துத் தர்றேன், முன்பணம் கட்டுங்க" என்றால், விற்பவரும் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

புதுசு விற்கும் இடம் வேறு மாதிரி. "குலுக்கலில் உங்க நம்பர் விழுந்திருக்கு, மேடத்தையும் கூட்டிட்டு வாங்க, டின்னர் இருக்கு" என்று மதுரை ஹோட்டலுக்கு அழைப்பார்கள். மேடம் எதற்கு? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவ முடியாமல் இருக்கத்தான். கடைசியில் மேனேஜர் வந்து விலையைக் குறைப்பார். ஆனால் இன்றைக்கு மட்டும்தான் என்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அதுவரை முன்பணம் வாங்கவே கூடாது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் ரத்து செய்ய எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அட்டையைத் தேயுங்கள்.

"முதலீடு, பின்னால் பணம் திரும்பும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஹோட்டலில் தங்கும் ராத்திரிகளை அப்படி விற்ற பான்கார்டு கிளப்ஸ் நிறுவனத்துக்கு, சுமார் 7,035 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2016-ல் உத்தரவிட்டது. பணம் போட்டிருந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

ஏமாந்தாலும் வழி இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் மதுரைக்கு வந்து பதில் சொல்லவேண்டும். பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போய்விடுங்கள். தேசிய உதவி எண் 1915.

வாசகருக்கு என் பதில்: இரண்டில் ஒன்றுதான் என்றால் பழசு, அதுவும் எழுத்தில் எல்லாம் கைக்கு வந்தபிறகு. ஆனால் வாடிப்பட்டிக்காரருக்கு மூன்றாவது வழியும் உண்டு. வத்தலக்குண்டு வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானல். வேண்டிய வருஷம் போய், அன்றைய வாடகையைக் கொடுத்துத் தங்கிவிட்டு வரலாம். வருஷா வருஷம் ஏழு ராத்திரி தவறாமல் வெளியூரில் தங்கும் குடும்பமாக இல்லாவிட்டால், அதுதான் மலிவு.

அடுத்த வாரம்: நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து.

(தொடரும்)