உப்பு நீர் சளியை எப்படி இளக்குகிறது?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களில், கடலில் அலைச்சறுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் நெஞ்சுச்சளி எளிதாக வெளியேறுகிறதே, ஏன்? ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு எழுந்த அருமையான கேள்வி இது.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. அவை அசைய மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். இந்நோயில் குளோரைடு செல்லும் வழி பழுதாவதால் அந்தப் படலம் வற்றிவிடுகிறது. சளி இறுகி அங்கேயே தங்குகிறது, கிருமிகள் பெருகுகின்றன.

கடல் சாரலாகவோ, நீரை நுண்துளிகளாக்கும் நெபுலைசர் கருவி வழியாகவோ உப்பு நீரை உள்ளிழுத்தால், உப்பு சுற்றியுள்ள திசுவிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. சளி இளகுகிறது. 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 164 பேர் 48 வாரங்கள் பங்கேற்றனர். 7 சதவீதக் கரைசலை, அதாவது கடல்நீரைப் போல் இருமடங்கு உப்பை, தினம் இருவேளை இழுத்தவர்களுக்கு நோய் திடீரெனத் தீவிரமாகும் தடவைகள் வெகுவாகக் குறைந்தன.

இளகினால் மட்டும் போதாது. வலிந்து இருமினால் மூச்சுக்குழாய் நெரிந்து சளி சிக்கிக்கொள்ளும். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாய் திறந்து ‘ஹா’ என்று ஊதுவதே நல்லது.

உப்புக்கரைசல் சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். எனவே முதல் முறை மருத்துவர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும்.