பழகிவிடக் கூடாத எரிவு

மண்சரிவினாலும் வேறு காரணங்களினாலும் காணி பூமியை விட்டு வந்த எமது குடும்பங்களின் பெண்பிள்ளைகள் சிலர், அட்டன், நுவரெலியா நகரங்களில் உள்ள அழகு நிலையங்களில் வேலை பழகுகிறார்கள். காணி போனாலும் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்றே பெற்றோர் அனுப்புகிறார்கள். அது நல்ல எண்ணமே. ஆனால் அப்படிச் சென்ற பிள்ளை ஒருத்தி அண்மையில் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். தலைமுடியை நேராக்கும் நாட்களில் கண் எரிகிறது, இருமல் வருகிறது; போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள்; பழகிவிடுமா?

பழகிவிடக் கூடாது என்பதே எமது பதில்.

முடியை நேராக்கப் பூசும் சில கலவைகளில் போர்மல்டிஹைட் என்னும் இரசாயனம் இருக்கிறது. இறந்தவரின் உடல் கெடாதிருக்கப் பாவிக்கும் போர்மலின், இதனைத் தண்ணீரில் கரைத்ததேயாகும். கலவையைப் பூசி, சூடான அயனால் முடியை இழுக்கும்போது அது வாயுவாகக் கிளம்புகிறது. கண் எரிவும் இருமலும் உடல் தரும் எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென 2004ஆம் ஆண்டில் இதனை வகைப்படுத்தியது. பூசிக்கொள்பவர் வருடத்தில் ஓரிரு முறை இதைச் சுவாசிக்கிறார். பூசிவிடும் பிள்ளையோ அடிக்கடி சுவாசிக்கிறாள்.

போத்தலில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு, சிகையலங்காரத் தொழிலாளரின் முறைப்பாட்டையடுத்துச் சோதனை நடந்தது. 'போர்மல்டிஹைட் அற்றது' என்று குறிக்கப்பட்ட கலவையிலே சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் அது காணப்பட்டது.

அதற்குப் பதிலாகச் சில கலவைகளில் கிளையொக்சிலிக் அமிலம் சேர்க்கிறார்கள். அதிலும் ஆபத்து உண்டு. 26 வயதுப் பெண்ணொருவருக்கு 2020, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மூன்று முறை முடி நேராக்கிய பின்னர், மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரான்சு நாட்டு வைத்தியர்கள் 2024இல் எழுதினார்கள். அந்த அமிலம் கலந்த களிம்பைச் சுண்டெலிகளின் தோலில் பூசியபோது அவற்றின் சிறுநீரகமும் பழுதடைந்தது.

மலைநாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. பனிக்கும் மழைக்கும் பயந்து கதவு, யன்னல்களைப் பூட்டியே வைக்கிறோம். வாயு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே, இவ்வேலை நடக்கையில் குளிரைப் பொறுத்துக்கொண்டு யன்னலைத் திறவுங்கள். உள்காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி இருந்தால் நல்லது. துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. கையுறை அணியுங்கள். கண் எரிந்தால் உடனே வெளியே வாருங்கள். கர்ப்பிணிகள் இவ்வேலையைச் செய்யாதிருப்பதே நல்லது. போர்மலின், மெதிலீன் கிளைக்கோல் என்ற பெயர்களும் போர்மல்டிஹைட்டையே குறிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

முடி நேராக்கிய பின் வாந்தி, முதுகு நோவு, சிறுநீர் குறைதல் ஏற்பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தலைக்கு என்ன பூசினீர்கள் என்பதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பெற்றோரே, வேலை முடிந்து வீடு வரும் மகளிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். கண் எரிந்ததா, யன்னல் திறந்திருந்ததா என்றும் கேளுங்கள்.