சிந்தெடிக் ஆயில்: பாட்டிலுக்குள்ள என்னதான் இருக்கு?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பைக்கை சர்வீஸுக்கு விட்டால் மெக்கானிக் அண்ணன் கேட்பார்: "தம்பி, சாதா ஆயிலா, சிந்தெடிக்கா?" விலையில் நல்ல வித்தியாசம். அந்தக் கூடுதல் காசு எதுக்குன்னு பார்ப்போமா?

எஞ்சின் ஆயிலில் பெரும்பகுதி பேஸ் ஆயில், மீதி அடிட்டிவ். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் பேஸ் ஆயிலை 5 குரூப்பாகப் பிரிக்கிறது.

குரூப் 1: நம்ம மணலி ரிஃபைனரியில், மெட்ராஸ் ரிஃபைனரீஸ் காலத்திலிருந்தே லூப் பேஸ் ஆயில் தயாராகிறது. கச்சா எண்ணெயை வடித்து, கரைப்பான் மூலம் அரோமேட்டிக் சேர்மங்களை நீக்கி, பிறகு மெழுகைப் பிரிப்பது பழைய முறை. இப்படி வருவதுதான் குரூப் 1. இதில் சாச்சுரேட்ஸ் 90 சதவீதத்துக்குக் கீழே, அல்லது கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேலே இருக்கும்.

குரூப் 2: ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்தது. சாச்சுரேட்ஸ் 90 சதவீதமும் அதற்கு மேலும், கந்தகம் 0.03-ஐத் தாண்டாது. சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையாது.

குரூப் 3: இன்னும் கடுமையான ஹைட்ரோகிராக்கிங். விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 120-ம் அதற்கு மேலும். முதல் இரண்டு குரூப்பிலும் இது 80 முதல் 120-க்குள். இந்த எண் கூடக் கூட, சூட்டில் ஆயில் நீர்த்துப்போவது குறையும்.

குரூப் 4: பாலி ஆல்ஃபா ஒலிஃபின். மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த நிஜ சிந்தெடிக்.

குரூப் 5: எஸ்டர் உட்பட மீதி எல்லாம்.

இங்கேதான் ட்விஸ்ட். குரூப் 3 கச்சா எண்ணெயிலிருந்து வந்தாலும் அதை 'சிந்தெடிக்' என்று விற்கலாம் என 1999-ல் அமெரிக்க விளம்பரத் தகராறு ஒன்றில் முடிவானது. அதனால் அந்த வார்த்தையை மட்டும் பார்த்து குரூப்பைச் சொல்ல முடியாது.

உறைபனியிலும் ஓடுவது குரூப் 4-ன் பெரிய பலம். பூந்தமல்லியில் அதுக்கு வேலையே இல்லை! மே மாத டிராஃபிக்கில் சூட்டைத் தாங்குவதுதான் நமக்கு முக்கியம்.

ஆகவே, முதலில் மேனுவலைத் திறங்க. அதில் போட்டிருக்கும் கிரேடு, ஜாசோ எம்ஏ முத்திரை (கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குகளுக்கு), மாற்ற வேண்டிய கிலோமீட்டர், இந்த மூன்றும் சரியா இருக்கணும். மேனுவல் மினரல் ஆயில் போதும்னு சொன்னா, நேரத்துக்கு மாத்துங்க, அதுவே போதும். மிச்சமாகும் காசு செயின் ஸ்ப்ரேக்கு ஆகும்!