செவியில் தொடங்கும் சொல்வன்மை

உத்தியோகம் நாடும் இளைஞர்க்கு வாக்குவன்மை இன்றியமையாதது என்று சொல்லாதார் இல்லை. ஆயினும், தங்குதடையின்றிப் பேசுவதையே வன்மையென்று கொண்டு, பிறர் சொல்வதைக் கருத்தூன்றிக் கேட்பதே அதற்கு அஸ்திவாரம் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

நியாய சாஸ்திரம் விவாதத்தை மூவகையாகப் பகுத்தது: உண்மையை நாடுவது வாதம்; வெற்றியை மட்டும் நாடுவது ஜல்பம்; தன் கட்சியை நிலைநாட்டாமல் பிறர் கட்சியை மறுப்பதோடு அமைவது விதண்டை. பவணந்தி முனிவரும் நன்னூலில் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் மேற்கொள்ளும் கொள்கைநிலைகளை, எண்ணுமிடத்து, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைவதையும் ஒன்றாக வைத்தார். நூல் செய்வார்க்கு வகுத்த அம்முறை மேடையில் வாதிப்போர்க்கும் சாலப் பொருந்தும். "இயந்திரம் வந்தால் வேலை போகும் என்று நண்பர் அஞ்சுவதில் நியாயம் உண்டு, புதிய தொழிலில் பயிற்சி அளித்துவிட்டால் அந்த அச்சத்துக்கு இடம் ஏது?" என்று தொடங்குபவன், எதிராளியை அவமதிக்காமலே அவன் வாதத்தின் வேரைத் தொட்டுவிடுகிறான்.

அலுவலகத்தில் யோசனை கூறுவோர்க்கும் இதுவே நெறி. "இந்த ஏற்பாடு சரியில்லை" என்றால், அதை அமைத்தவர் மனம் உடனே மூடிக்கொள்ளும். "மனு வாங்குவது ஓரிடம், பதிவு செய்வது வேறிடம் என்றிருப்பதால் மக்கள் இருமுறை வரிசையில் நிற்கிறார்கள், இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் நடத்திப் பார்க்கலாமா, ஐயா?" என்றாலோ, குறையும் பரிகாரமும் சேர்ந்தே விளங்கும், பரீட்சித்துப் பார்க்க மேலதிகாரிக்கும் தயக்கம் இராது.

நேர்முகத் தேர்வில், கருத்தூன்றிக் கேட்கும் பண்பு இன்னும் துலக்கமாகத் தெரியும். குடிமைப் பணிகளுக்கு மத்திய தேர்வாணையம் நடத்தும் தேர்வில், தரவரிசைக்குரிய 2025 மதிப்பெண்களில் 275 ஆளுமைத் தேர்வுக்கு உரியவை. அதனைக் குறுக்கு விசாரணையாகக் கருதாமல், நோக்கமுடைய இயல்பான சம்பாஷணையாகவே ஆணையம் வருணிக்கிறது; தெளிவும் தர்க்க ஒழுங்கும் அமைந்த விளக்கம், சமநிலை தவறாத தீர்ப்பு, நேர்மை முதலிய குணங்களையே அங்கே ஆராய்கின்றனர். வினா முடியுமுன் விடையைத் தொடங்குபவனும், மனப்பாடம் செய்ததைக் கேளாத கேள்விக்கு ஒப்பிப்பவனும் அக்குணங்களைத் தாமே மறைத்துக்கொள்கின்றனர். அறியாததை "தெரியவில்லை, ஐயா" என்று நிதானமாகச் சொல்பவனோ நேர்மைக்குச் சாட்சி தருகிறான்.

ஆதலின், கல்லூரி விவாத மன்றங்கள் ஒரு நியதியை மேற்கொள்வது நலம்: முன்பேசியவரின் கருத்தை, அவரே ஆமென்று ஒப்புமாறு இரண்டு வாக்கியங்களில் எடுத்துரைத்த பின்னரே ஒருவர் மறுப்புரைக்கலாம். இப்பயிற்சியில் தேர்ந்த மாணவன் எந்தச் சபைக்குச் சென்றாலும் அங்கே அவன் சொல் ஏறும்.