மலேசியாவும் துருக்கியும்: கணிதத்தில் இடம் மாறிய இரு நாடுகள்

ஒவ்வோர் ஆண்டும் ப்ளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் நாம் முதலில் தேடுவது என்ன? எந்த மாவட்டம் முதலிடம், நம் மாவட்டம் எத்தனையாவது இடம் என்பதைத்தான். போன ஆண்டைவிட நம் பிள்ளைகள் அதிகமாகக் கற்றிருக்கிறார்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதே பழக்கம்தான். 2024 டிசம்பரில் 'டிம்ஸ்' எனப்படும் சர்வதேசக் கணித, அறிவியல் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. சிங்கப்பூர் முதலிடம் என்பதுதான் பல இடங்களில் தலைப்புச் செய்தி. அது உண்மையும்கூட. ஆனால் சிங்கப்பூர் முன்னணியில் இருப்பது புதிய செய்தி அல்ல. 1999இல் எட்டாம் வகுப்புக் கணிதத்தில் அந்நாடு எடுத்தது 604 புள்ளிகள், 2023இல் 605. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கிறது.

அதே பட்டியலில் நாம் கவனிக்க வேண்டிய வேறு இரண்டு நாடுகள் இருக்கின்றன. இரண்டுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். ஒன்று மலேசியா, மற்றொன்று துருக்கி.

எட்டாம் வகுப்புக் கணிதத்தில் இவ்விரு நாடுகளும் பெற்ற சராசரிப் புள்ளிகள் இவை:

1999: மலேசியா 519, துருக்கி 429
2007: மலேசியா 474, துருக்கி 432
2011: மலேசியா 440, துருக்கி 452
2015: மலேசியா 465, துருக்கி 458
2019: மலேசியா 461, துருக்கி 496
2023: மலேசியா 411, துருக்கி 509

1999இல் மலேசியா துருக்கியைவிட 90 புள்ளிகள் முன்னால் இருந்தது. 2023இல் துருக்கி மலேசியாவைவிட 98 புள்ளிகள் முன்னால் நிற்கிறது. ஒரு தலைமுறைக்குள் இரு நாடுகளும் இடம் மாறிக்கொண்டன. இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால், கல்வியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய சரியான கேள்விகளும் புரிந்துவிடும்.

இந்தப் புள்ளிகள் எப்படிக் கிடைக்கின்றன?

டிம்ஸ் ஆய்வை ஐ.இ.ஏ. என்ற சர்வதேச அமைப்பு 1995 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துகிறது. நான்காம் வகுப்பு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதில் பங்கேற்கிறார்கள். நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் எழுதும் தேர்வு அல்ல இது. பொதுவாக ஒரு நாட்டில் சுமார் 150 பள்ளிகளும் 4,000 மாணவர்களும் முறையான மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

ஒரு சுற்றில் கேட்ட கேள்விகளில் ஒரு பகுதியை வெளியிடாமல் பாதுகாத்து, அடுத்த சுற்றிலும் கேட்பார்கள். அதே கேள்விக்கு முன்பு எத்தனை பேர் சரியாக விடை எழுதினார்கள், இப்போது எத்தனை பேர் என்று பார்க்க முடிகிறது. இதனால்தான் 1999இன் 519ஐயும் 2023இன் 411ஐயும் ஒரே அளவுகோலில் வைத்துப் பேச முடிகிறது. நம் பொதுத்தேர்வுகளில் இந்த வசதி இல்லை. ஓர் ஆண்டு வினாத்தாள் எளிதாக இருந்தால் தேர்ச்சி விகிதம் உயரும். கடினமாக இருந்தால் இறங்கும். பிள்ளைகளின் திறன் உயர்ந்ததா என்பதை அந்த விகிதம் சொல்லாது.

400 புள்ளிகள் என்பது அடிப்படை நிலை. முழு எண்களையும் எளிய வரைபடங்களையும் ஓரளவு கையாளத் தெரியும் என்பது அதன் பொருள். 475 இடைநிலை, 550 உயர்நிலை, 625 மிக உயர்நிலை. ஆகவே மலேசியாவின் 411 என்ற சராசரி, அடிப்படைக் கோட்டுக்குச் சற்றே மேலே இருக்கிறது. நாட்டின் சராசரியே இப்படி என்றால், அந்தக் கோட்டுக்குக் கீழேயும் ஏராளமான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே பொருள்.

மலேசியாவில் என்ன நடந்தது?

மலேசியா கல்விக்குச் செலவிடத் தயங்கும் நாடு அல்ல. அதனால்தான் இந்தச் சரிவு அங்கே பெரிய விவாதமானது. விவாதத்தில் முதலில் அடிபடுவது மொழி.

2003 முதல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. மலாய்ப் பள்ளிகள் மட்டுமல்ல, அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளும் சீனப் பள்ளிகளும் இந்த மாற்றத்துக்குள் வந்தன. தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பிலும் இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்திலும் ஒரே நேரத்தில் இது தொடங்கியது. 2007இல் டிம்ஸ் எழுதிய இரண்டாம் படிவ மாணவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஆறு ஆண்டுகள் தாய்மொழியில் கணிதம் படித்தவர்கள். இயற்கணிதம் கடினமாகத் தொடங்கும் கட்டத்தில் திடீரென ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டவர்கள். கற்பித்த ஆசிரியர்களில் பலரும் தாங்களே மலாயில் கணிதம் படித்தவர்கள். 2009இல் அரசு இந்தக் கொள்கையைக் கைவிட முடிவு செய்து, 2012 முதல் படிப்படியாகப் பழைய மொழிகளுக்குத் திரும்பியது.

ஆனால் மொழி ஒன்றே காரணம் என்று முடித்துவிட முடியாது. 2023இல் தேர்வு எழுதிய பிள்ளைகள், அந்தக் கொள்கை கைவிடப்பட்ட பிறகு பள்ளியில் சேர்ந்தவர்கள். அவர்களுடைய புள்ளிகள்தான் எல்லாவற்றையும்விடக் குறைவு.

இரண்டாவது காரணம் வகுப்பறை. மலேசியாவின் கல்வி வளர்ச்சித் திட்ட ஆவணம் (2013–2025) இதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. 2011இல் 41 பள்ளிகளில் 125 பாடவேளைகளை நேரில் கவனித்தபோது, 12 சதவீதம் மட்டுமே உயர்ந்த தரத்தில் இருந்தன. பாதி வகுப்புகள் திருப்திகரமாக இல்லை. பாடம் பெரும்பாலும் ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பதாகவே இருந்தது. இந்தக் குறையைச் சரிசெய்து, பதினைந்து ஆண்டுகளில் உலகின் முதல் மூன்றில் ஒரு பங்கு நாடுகளுக்குள் வருவது என்று அந்த ஆவணம் இலக்கு வைத்தது. இலக்கு எழுதப்பட்டது, புள்ளிகள் எதிர்த்திசையில் போயின.

மூன்றாவது, கொரோனா. 2019க்கும் 2023க்கும் இடையில் மட்டும் மலேசியா 50 புள்ளிகளை இழந்தது. அமெரிக்காவும் இதே காலத்தில் எட்டாம் வகுப்பில் 515இலிருந்து 488க்கு இறங்கியது. பள்ளிகள் மூடப்பட்டதன் விளைவு பல நாடுகளில் தெரிகிறது. ஆனால் துருக்கியிலும் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக்கிடந்தன. அங்கே புள்ளிகள் இறங்கவில்லை.

துருக்கி எப்படி உயர்ந்தது?

துருக்கியில் 1997 வரை ஐந்து ஆண்டுக் கல்விதான் கட்டாயம். அந்த ஆண்டில் அது எட்டு ஆண்டாகவும், 2012இல் பன்னிரண்டு ஆண்டாகவும் உயர்த்தப்பட்டது. 2003இல் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர யுனிசெஃப் துணையுடன் நாடு தழுவிய இயக்கம் நடந்தது. கிழக்கு மாகாணங்களில் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாடத்திட்டமும் மாற்றி எழுதப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஏழைக் குடும்பப் பிள்ளைகள் இப்போது எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கும் இந்தப் பிள்ளைகள் வந்து சேரும்போது சராசரி இறங்குவதுதான் வழக்கம். துருக்கியில் அவர்களும் வந்தார்கள், சராசரியும் ஏறியது. எனவே 429இலிருந்து 509 என்பது வெறும் 80 புள்ளி உயர்வைவிடப் பெரிய சாதனை.

ஆனால் துருக்கியையும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட முடியாது. நான்காம் வகுப்புப் பிரிவில் அந்நாடு 2015இல் 483 புள்ளிகளும், 2019இல் 523 புள்ளிகளும் எடுத்தது. பார்த்தவுடன் பெரிய பாய்ச்சலாகத் தெரியும். பள்ளியில் சேரும் வயது குறைக்கப்பட்டதால், 2019இல் நான்காம் வகுப்புக்குப் பதிலாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள் என்பது தெரிந்தால்தான் அந்தப் பாய்ச்சலை நிதானமாக அளக்க முடியும். மேலும், 'பிசா' என்ற மற்றோர் ஆய்வில் துருக்கி 2018இல் 454, 2022இல் 453. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

டிம்ஸ் வேறு, பிசா வேறு

பிசா ஆய்வை நடத்துவது ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு. வகுப்பைப் பாராமல் 15 வயதினரைச் சோதிப்பது அதன் முறை. டிம்ஸ், பள்ளியில் படித்த கணிதம் தெரியுமா என்று கேட்கிறது. பிசா, படித்ததை வாழ்க்கைக் கணக்கில் பயன்படுத்தத் தெரியுமா என்று கேட்கிறது. ஒன்றில் உயரும் நாடு மற்றதில் நிலைத்து நிற்கலாம். மலேசியாவோ இரண்டிலும் சரிந்திருக்கிறது: பிசாவில் 2018இல் 440, 2022இல் 409.

ஒரு காலத்தில் உலகமே பின்லாந்துக்குக் கல்விச் சுற்றுலா போனது. 2003இல் பிசா கணிதத்தில் அந்நாடு 544 புள்ளிகள் பெற்றிருந்தது. 2022இல் 484. தரவரிசையில் இன்னும் மதிக்கத்தக்க இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் திசை கீழ்நோக்கி. மாறாக, கத்தார் 2006இல் 318 மட்டுமே பெற்றுப் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தது, 2018இல் 414. தரவரிசையில் இன்றும் பின்லாந்துக்குப் பின்னால்தான். திசை மட்டும் மேல்நோக்கி.

கத்தார், ஐக்கிய அரபு அமீரகத்தின் எண்களை வாசிக்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: தேர்வு எழுதியவர்கள் யார்? 2018 பிசாவில் இவ்விரு நாடுகளிலும் தேர்வு எழுதிய மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். நம் ஊர்களிலிருந்து வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். உள்நாட்டுப் பிள்ளைகளைவிட இவர்கள் சராசரியாக அதிகப் புள்ளிகள் எடுக்கிறார்கள். ஆகவே அந்நாடுகளின் சராசரி, பள்ளிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை; மக்கள்தொகையைப் பற்றியும் பேசுகிறது.

அதேபோல 2018இல் சீனா 591 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது. தேர்வு நடந்தது பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் ஆகிய நான்கு வளமான பகுதிகளில் மட்டும். அது முழுச் சீனாவின் மதிப்பெண் அல்ல.

பெண் பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். பெண்களுக்குக் கணிதம் வராது என்று நம்மில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். ஓமானிலும் பஹ்ரைனிலும் 2019 டிம்ஸ் எட்டாம் வகுப்புக் கணிதத்தில் மாணவிகள் மாணவர்களைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். வேறு பல நாடுகளில் வித்தியாசமே இல்லை. இது பிறவிக் குணமாக இருந்தால் நாட்டுக்கு நாடு இப்படி மாறாது.

நாம் எங்கே இருக்கிறோம்?

பிசா 2009 சுற்றின் தொடர்ச்சியாக, இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. கணிதத்தில் தமிழ்நாடு 351, இமாச்சலம் 338. ஓ.இ.சி.டி. நாடுகளின் அப்போதைய சராசரி 496. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. அதன் பிறகு இந்தியா பிசாவில் பங்கேற்கவில்லை.

இதன் இழப்பு நமக்குத்தான். ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கோடு வரைய முடியாது. 351 என்ற எண்ணிலிருந்து நாம் ஏறியிருக்கிறோமா, இறங்கியிருக்கிறோமா என்று சொல்ல இரண்டாவது புள்ளி வேண்டும். மலேசியா தன் சரிவை அறிந்திருக்கிறது. ஏனெனில் வெட்கப்படும் முடிவு வந்த பிறகும் அடுத்த சுற்றில் மீண்டும் போய் உட்கார்ந்தது. கத்தார் 318 என்ற எண்ணைக் கண்டு ஓடியிருந்தால், 414ஐ எட்டியதை உலகமும் அறிந்திருக்காது, கத்தாரும் அறிந்திருக்காது.

உள்நாட்டில் தேசிய அடைவுத் தேர்வும், கிராமப்புறப் பிள்ளைகளின் அடிப்படைக் கணக்குத் திறனை வீட்டுக்கே சென்று சோதிக்கும் அசர் ஆய்வும் நடக்கின்றன. கொரோனா இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. இவற்றின் முடிவுகள் வரும்போது, எந்த மாநிலம் முதலிடம் என்பதைத் தாண்டி, நம் மாநிலம் சென்ற முறையைவிட எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

சமூகம் நடத்தும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் வைப்பது எளிது. அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரே தரத்தில் பத்துக் கணக்குகள் கொடுத்து, வகுத்தல் தெரிந்தவர்கள் எத்தனை பேர், பின்னம் புரிந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செலவு எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த நோட்டைத் திறந்தால் பள்ளி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று நிர்வாகத்துக்கே தெரிந்துவிடும்.

1999இல் துருக்கி 38 நாடுகளில் 31ஆவது இடத்தில் இருந்தது. மலேசியா 16ஆவது இடத்தில். அன்று தரவரிசையை மட்டும் பார்த்த ஒருவர், துருக்கியைப் பார்த்து வருத்தப்பட்டு, மலேசியாவைப் பார்த்து நிம்மதி அடைந்திருப்பார். அந்த நிம்மதிக்கான விலையைத்தான் இன்று மலேசியப் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.