திசைகாட்டியை ஏமாற்றும் மலை

கேமரன் மலையின் தானா ராத்தாவில் நின்று தேநீர் அருந்தியிருக்கிறீர்களா? அப்படியானால், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள மிக உயரமான சிகரத்தைவிட உயரத்தில் நின்றிருக்கிறீர்கள். கூலின் மலைத்தொடரைச் சேர்ந்த ஸ்கூர் அலாஸ்டர் சிகரத்தின் உயரம் 992 மீட்டர்தான். ஜொகூரின் குனோங் லேடாங்கூட (1,276 மீட்டர்) அதைவிட உயரம்.

ஆனாலும் அது அனுபவசாலிகளுக்கு மட்டுமே உரிய சிகரம். கத்திமுனை போன்ற பாறை முகடு, இருபுறமும் செங்குத்தான சரிவு, திடீரென்று சூழும் மூடுபனி. போதாக்குறைக்கு, வழிகாட்ட வேண்டிய திசைகாட்டியே அங்கே தவறான திசையைக் காட்டக்கூடும்.

ஏன் அப்படி?

சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை இருந்தது. அதன் அடியில் தேங்கிய பாறைக்குழம்பு மெதுவாக ஆறி, பெரிய படிகங்கள் கொண்ட 'கேப்ரோ' என்னும் கரும்பாறையாக மாறியது. விரிசல்களில் புகுந்து விரைவாக ஆறிய குழம்பு, வழவழப்பான பசால்ட் ஆனது. பின்னர் பனியுகப் பனியாறுகள் மலையை இருபுறமும் குடைந்து, நடுவே குறுகிய முகட்டை மட்டும் விட்டுச் சென்றன.

இந்தப் பாறைகளில் 'மேக்னடைட்' என்னும் இரும்புத் தாது கலந்துள்ளது. பாறை ஆறி, வெப்பம் ஏறத்தாழ 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அன்றைய பூமியின் காந்தப்புலத் திசை அந்தத் தாதுவில் பதிந்துவிடுகிறது. முகட்டில் விழும் மின்னலும் பாறையைக் காந்தமாக்கும். ஆகவே திசைகாட்டியின் முள்ளைப் பூமி ஒரு பக்கம் இழுக்க, அருகிலுள்ள பாறை வேறு பக்கம் இழுக்கிறது.

கைப்பேசி இருக்கிறதே என்கிறீர்களா? நீங்கள் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வழியாகக் கணிக்கிறது. அதற்குக் காந்தம் தேவையில்லை. ஆனால் நீங்கள் அசையாமல் நிற்கும்போது திசையைக் காட்டும் அம்புக்குறி, கைப்பேசிக்குள் இருக்கும் காந்த உணரியை நம்பியது. பாறை அதையும் ஏமாற்றிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பாறையின் காந்த விசை, தூரம் கூடக்கூட வேகமாகக் குறைந்துவிடும். எனவே திசைகாட்டியைப் பாறைமேல் வைக்காமல் மார்பளவு உயரத்தில் பிடியுங்கள். சில அடிகள் நகர்ந்து மீண்டும் பாருங்கள். சில அடிகளுக்குள் முள் வேறு பக்கம் திரும்பினால், அதை நம்பாதீர்கள். வரைபடத்தையும் கண்ணெதிரே தெரியும் நில அமைப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூடுபனியில் எதுவும் தெரியவில்லையென்றால், வந்த வழியே திரும்புவதே மேல்.

1873-இல் இச்சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர் என்று அறியப்படுபவர் அலெக்சாண்டர் நிக்கல்சன். அலெக்சாண்டர் என்ற பெயரின் கேலிக் மொழி வடிவம்தான் அலாஸ்டர். சிகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது; அதன் பாறையோ, 6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பூமியின் காந்தத் தடயத்தை இன்னும் சுமந்து நிற்கிறது.