கம்பங்களுக்கு நடுவே – 11: ராடி பாடிய பாட்டு

பெல்கிரேடில் பிறந்த கோல்கீப்பர் பீட்டர் 'ராடி' ராடென்கோவிச் ஜெர்மனிக்குப் போய், 1962இல் 1860 மியூனிக் அணியில் சேர்ந்தது வரை பார்த்துவிட்டோம். இந்த வாரம் 1966 சாம்பியன் பட்டம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு பாட்டு குறுக்கே வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1965இல் ஜெர்மனியில் ஓர் இசைத்தட்டு வெளியானது. பெயர் 'பின் இ ராடி, பின் இ க்யோனிக்'. நான்தான் ராடி, நான்தான் ராஜா! பாடியவர் சாட்சாத் நம் கோல்கீப்பர். 4 லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றன. சனிக்கிழமை மைதானத்தில் பந்தைப் பிடிக்கிறவரின் குரல் மற்ற நாட்களில் வீட்டு ரேடியோவில் கேட்கிறது. வெளிநாட்டு வீரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. அப்போது ஒரு செர்பியர் பவேரியப் பேச்சுவழக்கில் தன்னை ராஜா என்று அறிவிக்கிறார், ஊரே கூடப் பாடுகிறது! சங்கீதம் அவருக்கு வீட்டுச் சொத்து. அப்பா இசைக் கலைஞர். தம்பி மிலன் அமெரிக்காவில் பாடி இசைத்தட்டுகள் வெளியிட்டவர்.

ஆட்டத்திலும் ராடி இதே ஆள்தான். சக வீரர் திருப்பி உதைக்கும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. அதற்கு முன் அப்படி வரும் பந்தை அள்ளி அணைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனாலும் ராடி பந்தைக் காலில் வைத்துக்கொண்டு பெனால்டி பகுதியைத் தாண்டி ஓடுவார், எதிரணி ஆட்களை வெட்டி வெட்டி முன்னேறுவார். கேலரி எழுந்து நின்று கத்தும். கோமாளித்தனம் என்றவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கோல்கீப்பரும் ஒரு பந்தாட்டக்காரன் என்பதை, விதி கட்டாயப்படுத்தாத காலத்திலேயே காலால் சொன்னவர் அவர். இன்று ஜெர்மன் கோல்கீப்பர் நோயர் வெளியே வந்து பந்தைத் தட்டிவிடும்போதெல்லாம் எனக்கு ராடி ஞாபகம்தான்.

நம்மவர்களுக்காக ஒரு கிளைக்கதை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்கு வெள்ளி. சோவியத் அணியிடம் 0-1 என்று தோற்ற இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் ராடி. அந்த யூகோஸ்லாவியா அரையிறுதியில் வென்றது யாரை? இந்தியாவை, 4-1. முதல் கோலைப் போட்டது நாம்தான். போட்டவர் நெவில் டிசூசா. அந்த இந்தியக் குழுவில் இருந்த கோல்கீப்பர்களில் ஒருவர் பீட்டர் தங்கராஜ். இரண்டு பீட்டர்கள், ஒரே போட்டித்தொடர்! தங்கராஜுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, வரும்.

மியூனிக்குக்குத் திரும்புவோம். 1963இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பூண்டஸ்லிகா தொடங்கியபோது அந்த நகரத்திலிருந்து இடம் கிடைத்தது 1860க்குத்தான். பேயர்ன் மியூனிக் 1965 வரை வெளியே நின்றது. 1964இல் ஜெர்மன் கோப்பை வந்தது. மறு ஆண்டு மே 19, ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டம், வெம்ப்ளி. வெஸ்ட் ஹாம் 2-0 என்று ஜெயித்தது. இரண்டும் ஆலன் சீலி அடித்தவை, இரண்டாவது பாதியில், இரண்டு நிமிட இடைவெளியில். அதுவரை ராடி தாக்குப்பிடித்தார்.

இடம் முடிந்துவிட்டது. 1966 பட்டமும், கண்டிப்புக்குப் பேர்போன பயிற்சியாளர் மாக்ஸ் மெர்க்கலும் அடுத்த வாரம்.